குடவோலையும் காசோலையும்

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் குடவோலை முறையைச் சொல்லிவிடுவார்கள். ஓலையில் பெயரை எழுதுவார்கள், குடத்தில் போடுவார்கள், குலுக்குவார்கள், ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் சனநாயகம் இருந்தது. தேர்வில் ஐந்து மதிப்பெண். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடியும் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெருமையோடு எடுத்துச் சொன்னார்.

"நம்மிடம்" என்கிறார்களே, அந்த நாம் யார்? முதலாம் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவை. ஊர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட ஊர். குடத்தில் ஒருவர் பெயர் விழ வேண்டுமானால் வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் இருக்கிறதா, பரவாயில்லை, ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்று விளக்கத் தெரிந்தால் போதும். இந்தத் தகுதிகள் பாடநூலிலும் ஒரு பட்டியலாக இருக்கின்றன. மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வருவோம். அந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால் உன் தாத்தாவின் தாத்தா பெயர் குடத்தில் விழுந்திருக்குமா என்ற கேள்வி மட்டும் பாடத்தின் கடைசிப் பக்கத்துப் பயிற்சியில் வருவதே இல்லை.

கணக்குக் காட்டாதவன் பெயரும், அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் விழக்கூடாது என்று அதே கல்வெட்டு சொல்கிறது. அது நல்ல விதி. இன்றைக்கு அதை நடைமுறைப்படுத்தினால் எங்கள் மாவட்டத்திலேயே பல நாற்காலிகள் காலியாகிவிடும். ஆனால் அதே சோழர் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் "பறைச்சேரி" என்றும் "தீண்டாச்சேரி" என்றும் சொற்கள் வருகின்றன. ஒரு கல்லில் குடம், இன்னொரு கல்லில் சேரி. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அது ஆட்சிமுறைப் பாடம். ஒன்றை மட்டும் படித்தால் ஊர்ப்பெருமை.

ஆட்சி என்ற பாடத்தை யார் நடத்துகிறார்கள், யாரை உட்கார வைத்து நடத்துகிறார்கள் என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

தென்காசியிலிருந்து நெல்லை போகும் ரயிலில் அம்பாசமுத்திரத்துக்கு அடுத்த நிலையம் கல்லிடைக்குறிச்சி. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி 1892-ல் பிறந்த ஊர். நெல்லை இந்துக் கல்லூரியில் கற்பித்தவர், பிறகு 1929 முதல் 1946 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாறு, தொல்லியல் பேராசிரியர். சோழர் வரலாறு, ஆட்சிமுறை பற்றி 1932-ல் அவர் வெளியிட்ட ஆய்வு நூலில் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுக்கு முக்கிய இடம் உண்டு. அவருடைய உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. கல்வெட்டில் இருந்ததை அவர் மறைக்கவும் இல்லை. அதே பல்கலைக்கழகத்தில் வி. ஆர். இராமச்சந்திர தீட்சிதர் இந்து ஆட்சி நிறுவனங்களைப் பற்றியும் மௌரிய அரசியலைப் பற்றியும் எழுதினார். அரசியல் படித்த மாணவன் இன்னொரு பக்கம் ஏ. அப்பாதுரை எழுதி 1942-ல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட 'தி சப்ஸ்டன்ஸ் ஆஃப் பாலிடிக்ஸ்' போன்ற பாடநூலைப் படித்தான். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் எப்படி நடக்கிறது, அமெரிக்க செனட்டுக்கு என்ன அதிகாரம், சுவிட்சர்லாந்தில் மக்கள் வாக்கெடுப்பு எப்படி என்று கற்றான். ஆக ஒரு அலமாரியில் அர்த்தசாஸ்திரமும் உத்திரமேரூரும், இன்னொரு அலமாரியில் லண்டனும் வாஷிங்டனும். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த மாணவன் நாளைக்குத் தாசில்தாராகவோ மாவட்ட ஆட்சியராகவோ வழக்கறிஞராகவோ போகப்போகிறவன். ஆளப்போகிறவனுக்கு நடத்திய வகுப்பு அது.

அந்த வகுப்பில் நமக்கு எத்தனை இடம்? சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணைப்படி கல்லூரி இடங்கள் 14, 14-ஆகப் பிரிக்கப்பட்டன. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்றைய சொல்லில் "அரிசனங்களுக்கு" 2, ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறித்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இது மருத்துவக் கல்லூரிக்கும் பொறியியல் கல்லூரிக்கும் போன வழக்காக நமக்குத் தெரியும். குடியரசு பிறந்த அதே 1950-ல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஆணை செல்லாது என்றது. 1951 ஏப்ரலில் சம்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. தமிழ்நாடு கொந்தளித்தது, அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது, 15(4) வந்தது. 14-ல் 2 என்பதைக்கூடப் போராடித்தான் தக்கவைக்க வேண்டியிருந்தது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

நான் எம்.ஏ. சமூகவியல் படித்தபோதும் மெட்காஃப் வந்தார். இந்தியக் கிராமங்கள் சின்னச் சின்னக் குடியரசுகள் என்று சொன்ன ஆங்கிலேய அதிகாரி. அந்தக் கருத்தை அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் போட்டு உடைத்தார் என்பது மட்டும் பாடத்தில் வரவில்லை. கிராமம் என்பது குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம், தனிமனிதனையே அலகாக எடுத்துக்கொண்டேன் என்று அன்று அவர் நேருக்கு நேராகச் சொன்னார். சபையில் பலருக்கு அது பிடிக்கவில்லை. கிராமத்தின் பெருமையைப் பேசி உருகினார்கள். அதே மாதம் 22-ம் தேதி கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால் ஊராட்சிகளை அமைப்பது அரசின் கடமை என்ற 40-வது உறுப்பு உள்ளே வந்தது. கிராமத்துக்கு அதிகாரம் வேண்டும் என்றவர்கள், கிராமத்துக்குள் யாருக்கு அதிகாரம் என்று கேட்டவரைக் கிராம விரோதி ஆக்கினார்கள். கிராமத்துக்குள் யார் என்ற அந்தக் கேள்விக்கு 1992-ல் 73-வது திருத்தம் வரும்வரை அரசமைப்புச் சட்டத்தில் பதிலே இல்லை.

அண்ணலை நாம் சட்டமேதை என்கிறோம், புரட்சியாளர் என்கிறோம். ஆசிரியர் என்று எத்தனை பேர் சொல்கிறோம்? 1918-ல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர். பேராசிரியர்களுக்கு வைத்திருந்த குடிநீர்ப் பானையில் அவர் தண்ணீர் எடுத்துக் குடிப்பதைச் சக பேராசிரியர்களில் சிலர் எதிர்த்தார்கள். அங்கேயும் ஒரு குடம்தான், பாருங்கள். 1935-ல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வர். 1945-ல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, 1946-ல் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். இதெல்லாம் ஓரளவு தெரிந்த செய்தி.

தெரியாத செய்தி 1956 ஜூலையில் இருக்கிறது. அந்த ஆண்டின் அக்டோபர் 14 நமக்கு மனப்பாடம், நாக்பூர். டிசம்பர் 6 மனப்பாடம். அதற்கு முன் ஜூலையில், உடம்பு முற்றிலும் தளர்ந்துபோன நிலையில், பம்பாயில் அவர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அரசியலுக்குள் நுழைய விரும்புகிறவர்களுக்கான பயிற்சிப் பள்ளி. முதல் அணியில் 15 மாணவர்கள். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் போக நினைக்கிறவன் முதலில் படிக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. 1952 பொதுத் தேர்தலில் தோற்றவர், 1954-ல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றவர் அவர். தோற்றவன் அடுத்த தேர்தலுக்குச் சாதிக்கணக்குப் போடுவான், கூட்டணி பேசுவான். இவர் வகுப்பறை திறந்தார். அவர் மறைந்து மூன்று, நான்கு மாதங்களில், 1957 மார்ச்சோடு அந்தப் பள்ளி நின்றுபோனது.

நின்றுபோனதற்கு ஆதிக்கச் சாதிகளைக் குறை சொல்ல முடியாது தோழர்களே. அதை நாம்தான் நடத்தவில்லை. சென்னையில் என். சிவராஜ் இருந்தார். சென்னைச் சட்டக் கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் விரிவுரையாளராக இருந்தவர், 1945-ல் சென்னை மேயர், பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் தலைவர், 1957-ல் இந்தியக் குடியரசுக் கட்சியின் முதல் தலைவரும் அவர்தான். சட்டம் கற்பிக்கத் தெரிந்த தலைவர் நம் ஊரிலேயே இருந்தும் அந்தப் பள்ளிக்குச் சென்னையில் ஒரு கிளைகூட எழவில்லை. அதற்குப் பின் வந்த இயக்கங்களும் அண்ணலின் சிலையை வைத்தன, படத்தை வைத்தன, பெயரை வைத்தன. அவர் கடைசியாகத் தொடங்கிய வேலையை மட்டும் யாரும் எடுத்துச் செய்யவில்லை.

நம்மிடம் எழுத்து இல்லையா? இருந்தது. இன்றைக்கு நாம் எழுதுவதைவிட நல்ல அரசியல் எழுத்து இருந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலேயே நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அப்படி நடத்தினால் சாதி இந்துக்கள்தான் அதிகாரிகளாக வந்து நம் தலைமேல் உட்காருவார்கள் என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் கையெழுத்து வாங்கி நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். எம். சி. ராஜா சட்டமன்றத்தில் எடுத்த முயற்சியால் 1922-ல் அரசு ஆவணங்களில் "ஆதி திராவிடர்" என்ற பெயர் வந்தது. 1924-ல் சீனிவாசன் சென்னை சட்ட மேலவையில் கொண்டுவந்த தீர்மானத்தால் பொதுச் சாலை, பொதுக் கிணறு, அரசு அலுவலகம் எல்லாம் எல்லாச் சாதியாருக்கும் பொது என்று அரசாணை வந்தது.

மனு, தீர்மானம், அரசாணை. கவிதையும் முழக்கமும் நமக்கு வேண்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் ஒரு சாலையைத் திறந்தது ஒரு தீர்மானம். அதை எழுதத் தெரிந்த கை அது. 1947-ல் அண்ணல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' நூலை எடுத்துப் பாருங்கள். கட்டுரை மாதிரி இருக்காது. சட்டப்பிரிவு, உட்பிரிவு, பின்னால் ஒவ்வொரு பிரிவுக்கும் விளக்கம் என்று அரசமைப்புச் சட்டத்துக்குள் அப்படியே எடுத்துவைக்கக்கூடிய வடிவத்தில் எழுதியிருக்கிறார். நிலம் அரசுடைமை, வேளாண்மை அரசுத் தொழில் என்று கேட்கிறவர், அதை எந்தப் பிரிவில் எந்தச் சொல்லில் எழுத வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறார். நம் அரசியல் எழுத்து என்றால் இதுதான் அளவுகோல். இன்றைக்கு நம் தோழர் ஒருவர் ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவைப் பார்க்கிறேன். முதல் ஒன்றரைப் பக்கம் அண்ணலுக்கு வணக்கம், கட்சித் தலைவருக்கு வணக்கம், கடைசி மூன்று வரியில் கோரிக்கை. அதிலும் புல எண் இருக்காது, தேதி இருக்காது. அந்த மனு எங்கே போகும் என்று அந்த அலுவலகத்துக் கடைநிலை ஊழியருக்கும் தெரியும்.

எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் எங்கள் பகுதியிலேயே சாட்சி இருக்கிறது. 1981 பிப்ரவரி 19 அன்று மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போனார்கள். டெல்லியிலிருந்து தலைவர்கள் வந்தார்கள், பத்திரிகைகள் வந்தன, ஆய்வாளர்கள் வந்து புத்தகம் போட்டார்கள். சதி என்றார்கள், பணம் என்றார்கள். போனவர்கள் ஏன் போனோம் என்று தாங்களே எழுதி அச்சிட்டுக் கையில் கொடுத்திருந்தால் அந்தப் பேச்சு எப்படிப் போயிருக்கும்? நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்த ஊரைப் பற்றி மற்றவர்கள்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி காசோலைக்கு வருவோம்.

தென்காசி நாடாளுமன்றத் தொகுதி தனித்தொகுதி. அதற்குள் இருக்கும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் மூன்று தனி: சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், ஸ்ரீவில்லிபுத்தூர். ஊராட்சிகளில் சுழற்சி முறையில் ஒதுக்கீடு. 2019-ல் புது மாவட்டம் ஆனதால் எங்களுக்கு ஊரக உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போய் 2021 அக்டோபரில் நடந்தது. கணக்குப் பார்த்தால் நமக்கு நாற்காலிக்குக் குறைவில்லை.

ஊராட்சிச் சட்டம் என்ன செய்கிறது என்று பாருங்கள். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தப் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தப் பதவிக்கு ஒதுக்கீடு கிடையாது. வார்டுகளில் யார் பெரும்பான்மையோ அவர்கள் ஆள் துணைத்தலைவர். காசோலையில் இருவரும் கையெழுத்திட்டால்தான் பணம் வெளியே வரும். பணம் கணினி வழியே போகிற காலத்திலும் இரட்டைக் கையெழுத்து என்ற ஏற்பாடு மாறவில்லை. அதாவது தலித் தலைவர் செலவு செய்ய நினைக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் துணைத்தலைவரின் சம்மதம் வேண்டும். ஒரு கையில் கொடுத்ததை இன்னொரு கையில் பிடித்து வைத்திருக்கிறது சட்டம். குடத்தில் நம் பெயர் விழுகிறது, ஓலை வேறொருவர் கையில் இருக்கிறது.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் நக்கலமுத்தன்பட்டி ஊராட்சித் தலைவர் ஜக்கையன், அருந்ததியர். 2006 நவம்பரில் வெட்டிக் கொல்லப்பட்டார். துணைத்தலைவர் தரப்புக்குக் கைப்பாவையாக இருக்க மறுத்தார் என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. சில மாதங்களில், 2007 பிப்ரவரியில், அன்றைய நெல்லை மாவட்டத்திலேயே மருதங்கிணறு ஊராட்சித் தலைவர் சேர்வாரன் கொல்லப்பட்டார். 2011 ஜூனில் தாழையூத்து ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணியை அரிவாளால் வெட்டினார்கள், அவர் உயிர் பிழைத்தார். 1997-ல் மேலவளவு முருகேசனை நாம் மறக்கவில்லை. இந்த மூவரைத் தென்காசி, நெல்லைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? கல்லூரியில் உள்ளாட்சி என்ற பாடம் இருக்கிறது. பல்வந்த்ராய் மேத்தா குழு 1957, அசோக் மேத்தா குழு 1978 என்று வரிசையாக வரும். ஜக்கையன் வரமாட்டார்.

"அவங்களுக்கு நிர்வாகம் தெரியாது, அதான் நாங்க பாத்துக்கிடுதோம்" என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். சமூகப்பணியில் பத்து வருடமாக இதைக் கேட்கிறேன். தனி ஊராட்சி ஒன்றில் பெண் தலைவர். அலுவலகத்தில் அவர் உட்கார்ந்திருக்கும்போதே செயலர் கோப்பை நீட்டி, "தலைவரம்மா, இந்த இடத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க, மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். அந்த அம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு, "மொதல்ல வாசிச்சுக் காட்டுங்க" என்றார். செயலர் வாசிக்கவில்லை. கோப்பு உள்ளே போய்விட்டது, மூன்று வாரம் வெளியே வரவில்லை. அவருக்குத் தெரியவில்லை என்பது பிரச்சினையாக இருந்ததே இல்லை. தெரிந்துகொள்ள ஆரம்பித்ததுதான் பிரச்சினை. ஜக்கையனும் கிருஷ்ணவேணியும் நிர்வாகம் தெரியாததால் வெட்டுப்படவில்லை. தெரிந்து, மறுத்ததால் வெட்டுப்பட்டார்கள்.

அப்படியானால் படிப்பு எதற்கு, படித்தாலும் வெட்டத்தானே போகிறார்கள் என்று ஒரு தோழர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. தலைவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் அவரை ஒழித்துவிட்டால் போதும் என்ற எண்ணம் அவர்களுக்கு வரும். சேரியில் முப்பது பேருக்குத் தெரிந்திருந்தால்? துணைத்தலைவர் கையெழுத்துப் போட மறுத்தால் ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் ஆட்சியர் தலையிட முடியும், 203-வது பிரிவின்கீழ் காசோலை அதிகாரத்தை அவரிடமிருந்து எடுத்து வேறொரு உறுப்பினரிடம் கொடுக்க முடியும் என்று அந்த முப்பது பேருக்கும் தெரிந்திருந்தால்? அதே 203-ஐயும், தலைவரையே நீக்கும் 205-ஐயும் நம் தலைவர்கள் மீது திருப்பிவிடுவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்து, ஒவ்வொரு தீர்மானத்துக்கும் நகல் எடுத்து வைத்திருந்தால்? சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராமசபை. ஆறிலும் தீர்மானப் பதிவேட்டில் என்ன எழுதப்படுகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்கும் ஆட்கள் இருந்தால்? 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதிப் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்தார்கள். படம் வெளியே வந்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது. அறையில் நம் ஆட்கள் முப்பது பேர் நின்றிருந்தால் படத்துக்கே வேலை இருந்திருக்காது.

ஒரே ஒரு சட்டப்பிரிவு என்ன செய்யும் என்பதை 2022-ல் எங்கள் மாவட்டத்திலேயே பார்த்தோம். பாஞ்சாகுளத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் விற்க மாட்டோம், ஊர்க்கட்டுப்பாடு என்று கடைக்காரர் சொன்ன காணொளி நாடு முழுக்கப் போனது. கைது நடந்தது, அது வழக்கமானது. வழக்கமில்லாத ஒன்றும் நடந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10-வது பிரிவைக் காவல்துறை கையில் எடுத்தது, குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஊருக்குள் நுழைய நீதிமன்றம் தடை போட்டது. அதுவரை ஊரைவிட்டு ஓடியவர்கள் எப்போதும் நாம்தான். இந்தப் பிரிவு 1989-லிருந்து சட்டப்புத்தகத்தில் இருக்கிறது. ஒரு அதிகாரி அதைப் படித்திருந்ததால் பயன்பட்டது. அடுத்த அதிகாரி படித்திருப்பார் என்று என்ன உத்தரவாதம்? நாம் படித்திருக்க வேண்டும், மனுவில் அந்தப் பிரிவை எழுதிக் கேட்க வேண்டும்.

நம் மூத்த தோழர்கள் சொல்வது வேறு. "நாங்க தெருவுல படிச்சோம்லே, ஜெயில்ல படிச்சோம், வகுப்புல உக்காந்தா போராட்டம் வருமா?" அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் அடி வாங்கியதால்தான் நான் எம்.ஏ. படித்தேன். ஆனால் தெருவில் படித்ததை அடுத்த தலைமுறைக்கு அவர்கள் எழுதித் தரவில்லையே. ஒவ்வொரு தலைமுறையும் முதல் அடியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தெருவும் வேண்டும் என்றுதான் அண்ணலும் நினைத்தார். மகாடுக்குப் போனவர்தான் சைமன் குழுவுக்கு எழுத்து சாட்சியமும் கொடுத்தார்.

தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பயிற்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நான் அங்கேயே வேலை பார்த்தவர்களில் ஒருவர் என்பதால். இரண்டு நாள், தங்கும் விடுதி, காலையில் திட்டங்களின் பட்டியல், பதினொன்றரைக்கு டீயும் வடையும், மாலையில் குழுப்படம். எந்தத் திட்டத்தில் எவ்வளவு மானியம் என்று சொல்லித் தருவோம். பயனாளியை உருவாக்கும் பயிற்சி அது. ஊராட்சியின் நிதி யார் கையில் இருக்கிறது, ஏன் இருக்கிறது, எப்படி மீட்பது என்று கேட்டால் அது அரசியல், எங்கள் திட்ட வரையறைக்குள் வராது என்பார்கள்.

குற்றாலத்தைப் பாருங்கள். சாரல் காலத்தில் ஊருக்கே குளிக்க வருகிறார்கள், சிலர் படிக்கவும் வருகிறார்கள். ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் குற்றாலத்தில் இருந்த நாட்களில் அவரைச் சுற்றி ஒரு கூட்டம் உட்கார்ந்து கம்பனைப் பேசியது, இராஜாஜியும் கல்கியும் வந்து போனார்கள். அது ஒரு பள்ளிதான், ரசனைப் பள்ளி. திராவிடர் கழகம் ஆண்டுதோறும் இங்கே பெரியாரியல் பயிற்சி முகாம் நடத்துகிறது. இளைஞர்களைக் கூட்டி நான்கு நாள் கொள்கை வகுப்பு. இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. நம் அமைப்புகளுக்கு என்ன தடை? சாரல் முடிந்த பிறகு அருவிக்கரையைக் கூட்டிப் பெருக்குகிறவர்கள் நம் மக்கள். அந்த ஊரில் நம் மக்களுக்கென்று ஓர் ஆட்சிமுறை வகுப்பு நடந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. பிறந்தநாள் பேனருக்கு ஆகிற செலவில் பத்து ஞாயிற்றுக்கிழமைகளுக்குச் சாப்பாடு போடலாம்.

கட்டடம் வேண்டாம், பதிவெண் வேண்டாம், நன்கொடை ரசீதும் வேண்டாம். ஊருக்கு மூன்று பேர் என்று பத்து ஊர்களிலிருந்து முப்பது பேர். பராசக்தி மகளிர் கல்லூரியில் படிக்கும் நம் பெண்பிள்ளைகள், அரசுக் கல்லூரி மாணவர்கள், ஊராட்சியில் இப்போது இருக்கும் வார்டு உறுப்பினர்கள், முன்னாள் தலைவர்கள். முன்னாள் தலைவர்கள்தான் முதல் ஆசிரியர்கள், எந்தக் கோப்பு எங்கே மறையும் என்று அவர்களுக்குத் தெரியும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, தகவல் உரிமைச் சட்டம் 2005, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2024-ல் வந்த ஆதி திராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம். இந்த நான்கையும் வரி வரியாக வாசிக்க ஓர் ஆண்டு ஆகும். ஆகட்டும். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுத வேண்டும்: ஒரு மனு, ஒரு தீர்மானம், ஒரு தகவல் கேட்கும் கடிதம், அல்லது தன் ஊராட்சியின் வரவு செலவைப் பற்றி ஊர் மக்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு துண்டறிக்கை. எழுதியதை மற்றவர்கள் முன் வாசிக்க வேண்டும், அடி வாங்க வேண்டும், திருத்தி அடுத்த வாரம் கொண்டுவர வேண்டும். பேச்சுப்போட்டி மட்டும் வேண்டாம், நம்மிடம் பேச்சாளர்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள்.

2021-ல் வந்தவர்களின் பதவிக்காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. முதல் வகுப்புக்கு வருகிறவர்கள் இரண்டு தாள்களைக் கொண்டுவாருங்கள். ஒன்று, உத்திரமேரூர்க் கல்வெட்டின் தகுதிப் பட்டியல், பள்ளிக்கூடம் போகும் தம்பி தங்கையிடம் கேட்டால் கிடைக்கும். இன்னொன்று, உங்கள் ஊராட்சி சென்ற நிதியாண்டில் சேரிக்கென்று செலவிட்ட தொகையும், அந்தப் பணத்தை விடுவித்துக் கையெழுத்திட்டவர்களின் பெயரும். இரண்டாவது தாள் எளிதில் கிடைக்காது. கேட்டுப் போங்கள், என்ன பதில் சொன்னார்கள், யார் சொன்னார்கள், எத்தனை முறை அலையவிட்டார்கள் என்று தேதி போட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.